விலகப் போன நாள்

வியாழன் இரவு. மழை விடவில்லை.

இன்றைக்கும் மேனேஜரிடம் சொல்லவில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனியில் மச்சினன் எனக்கு வேலை பிடித்து வைத்திருக்கிறான். இந்த வாரத்துக்குள் வரச் சொல்கிறான். தேயிலை விலை விழுந்ததிலிருந்து இங்கே அரைச் சம்பளம். விலகிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் காலையில் ஃபேக்டரிக்குப் போனேன்.

போகிற வழியில், அரைத்த இலையைப் பரப்பிப் புளிக்க விட்டிருந்த ரூமைப் பழக்க தோஷத்தில் எட்டிப் பார்த்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பச்சை வாடை போய்ப் பழ வாசம் ஏறும் நேரத்தைத் தவறவிட்டால் தூள் வீண். ஒரு கை அள்ளி மோந்தேன். அப்புறம் பசி தெரியவில்லை, மச்சினன் ஞாபகமும் இல்லை. சரியான நிமிஷத்தில் டிரையருக்கு ஏற்றச் சொன்னேன். தூள் கறுகறுவென்று மினுமினுப்பாக வந்தது. வாங்கத்தான் ஆளில்லை. நான் நிமிர்ந்தபோது மேனேஜர் கிளம்பிப் போயிருந்தார்.

ஊட்டுக்குள் நுழைந்ததும் சாந்தி கேட்டாள். "ஏனுங்க, சொல்லிட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

அவள் சண்டை போடவில்லை. "இலை நல்லா இருந்துச்சாக்கும்?" என்றாள்.

ஆமா என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. போய்ப் படுத்துக்கொண்டாள்.

நாளைக்காவது எதற்கும் உதவாத முற்றின இலையாக வந்தால் தேவலை.