நீ கொடுத்தனுப்பிய ரேசர்

வண்டிப்பெரியார்,
ஐப்பசி, சனிக்கிழமை.

அன்பு மகன் அருண்பாண்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீ சுகமாக இருப்பதாகவும் முன்னைவிடச் சற்றுச் சதை போட்டிருப்பதாகவும் ஜோமோன் சொன்னான், கேட்டுக்கொண்டேன். நானும் அப்பாவும் என்று இரண்டு பேரையும் சேர்த்து எழுதியிருக்கிறேன், அந்த வரியை நீ இன்னொரு தடவை வாசிக்க வேண்டும், ஏன் என்று போகப்போகத் தெரியும். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் எஸ்டேட் லயத்து வீடு எவ்வளவு பெரிது என்று உனக்கு மறந்திருக்காது. முன்னறையில் அப்பா கட்டிலில் இருக்கிறார், அடுப்படியில் நான் பெருமூச்சு விட்டாலும் அவருக்குக் கேட்கும். வாய்தான் கோணிப் போனதே தவிர காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் எழுதி ஒட்டி ஜோமோன் கையில் கொடுக்கிறேன், அவன் திங்கட்கிழமை தோஹாவுக்குக் கிளம்புகிறான். உன் சிநேகிதன்தான் என்றாலும் பிரித்துப் படிக்கிற பிள்ளை இல்லை. மழை இன்னும் விட்டபாடில்லை, துணி காய நாலு நாள் ஆகிறது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் தை மாதத்தோடு கொழுந்தெடுக்கப் போவதை நான் நிறுத்திவிட்டது உனக்குத் தெரியும். உன் தங்கை ஆனந்தி கஞ்சிக்கோட்டில் இருந்து புரட்டாசியில் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள், சின்னவனுக்குப் பல் முளைத்திருக்கிறது.

ரேசர் வந்து சேர்ந்தது. அதைப் பற்றி எழுதாமல் மற்றதை எழுத முடியாது. அப்பா இருபத்தாறு வருசம் டீ ஃபேக்டரியில் நின்றவர், தூளில் ஒரு முடி விழுந்தாலும் ஆபீசர் கத்துவார் என்று மழையோ காய்ச்சலோ, விடிந்ததும் முகத்தை மழித்துவிட்டுத்தான் டீ குடிப்பார். தை மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் வலது கன்னமும் விழுந்தபிறகு அந்த வேலை என் கைக்கு வந்தது. ஆண்பிள்ளை முகத்தை மழிக்க எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு போடுகிற அவருடைய பழைய இரும்பு ரேசரைத்தான் எடுத்தேன். சித்திரையில் ஒருநாள் காதுக்குக் கீழே கிழித்துவிட்டேன். இரத்தம் உறையாமல் இருக்க அவர் மாத்திரை சாப்பிடுகிறார் இல்லையா, இரண்டு துண்டு நனைந்தும் நிற்கவில்லை, ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே டாக்டரம்மா, “சேச்சி, இனி இந்த பிளேடு எடுக்கண்டா, கார்ட்ரிட்ஜ் ரேசர் மதி” என்றார். அதுவே போதும், பிளேடு பிளாஸ்டிக் தலைக்குள்ளேயே பதிந்திருக்கும், மழுங்கினால் தலையை மட்டும் மாற்றிப் பிடியில் பொருத்திக்கொள்ளலாம், ஆழமாக வெட்டாது என்று விளக்கினார். அன்று சாயங்காலம் உன்னிடம் போனில் கேட்டேன். “நீ ஒண்ணும் வாங்காதம்மா, அங்க கடையில இருக்கதெல்லாம் ஏமாத்து, நான் நல்லதாப் பாத்துக் கொடுத்துவிடுறேன்” என்றாய். சித்திரையில் சொன்னாய், ஐப்பசியில் வந்தது. அவர் தாடி அதுவரை காத்திருக்குமா.

கடைத்தெருவில் கிடைத்ததையெல்லாம் நான் போட்டுப் பார்த்தேன். மழித்துவிட்டு எறிகிற மஞ்சள் ரேசர்தான் முதலில் வாங்கியது. கையில் இருப்பதே தெரியாத கனம், கனம் இல்லாததால் நான் அழுத்தினேன், அழுத்தியதால் கழுத்தெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக வந்தது. பிறகு இரண்டு பிளேடு வைத்த, தலை மாற்றுகிற ஒன்று. அதன் தலை அசையாது, தாடை மூலைக்கு வந்தால் நின்றுவிடும். பிடி வழுவழுப்பு, சோப்புக் கையோடு பிடித்தால் நழுவிச் செம்புக்குள் விழும். கடைசியாக மூன்று பிளேடு ஒன்று வாங்கினேன், கன்னம் திரும்புகிற பக்கம் தலையும் திரும்பும், பிடியில் வரிவரியாக ரப்பர். அதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது. வெந்நீரில் பிழிந்த துண்டை முகத்தில் கொஞ்ச நேரம் போட்டு வைக்க வேண்டும், நுரையை நன்றாகக் குழைத்துத் தடவ வேண்டும், விழுந்துபோன கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு முடி படிந்திருக்கிற பக்கமாகவே இறக்க வேண்டும், கழுத்தில் அவருக்கு முடி பக்கவாட்டில் முளைக்கும், அங்கே பக்கவாட்டில்தான் போக வேண்டும், அழுத்தவே கூடாது. இத்தனையும் அறுபது வயதில் நானாகக் கற்றுக்கொண்டேன். மகன் நல்லதாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அதனால்தான் நேரமாகிறது என்று அவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்து மணி இருக்கும், மழை சற்று விட்டிருந்ததால் அப்பாவைக் குளிப்பாட்டி வாசலில் வெயிலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தேன். ஜோமோன் படியேறி வந்தான். மிட்டாய் டப்பாவைக் கொடுத்தான், ரேசர் பெட்டியைக் கொடுத்தான், நான் வாங்கி அப்பா மடியில் வைத்தேன். அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அம்மே, இது அருணோட பெரியப்பனா” என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன். “பெரியப்பனா, அவனப் பெத்த அப்பாவுல்லா இது” என்றேன். பையனுக்கு முகம் வெளுத்துப் போனது. டீ போட்டுக் கொடுத்தேன், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். எனக்கு என்னவோ போல் இருந்தது, அவனைப் பின்பக்கம் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு சொன்னான். “ஜூன் மாசம் அப்பன் மரிச்சுபோயின்னு சொல்லித்தான் அம்மே அவன் லீவு வாங்கிட்டு நாட்டுக்கு வந்தது. ரூம்ல எல்லாரும் எணீச்சு நின்னு பிரார்த்திச்சோம். இந்த ரேசர் அவன் அளியனுக்குன்னு நினைச்சேன்.” அளியன் என்றால் மச்சானாம். சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை அழுதான். அவனைத் தேற்றுகிற வேலையும் எனக்கே வந்தது. குழாயடிக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான் இருக்கிறது. நான் திரும்பி வந்தபோது அப்பா மடியில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை வெந்நீர் வைத்து உன் ரேசரை எடுத்தேன், உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சரி, புதுசு பிடிக்கவில்லை என்று என்னுடைய மூன்று பிளேடு ரேசரைக் காட்டினேன், அதற்கும் திரும்பவில்லை. நாலு நாள் அப்படியே போனது, வெள்ளைத் தாடி முள்முள்ளாக ஏறி, எச்சில் வடிகிற இடத்தில் ஒட்டிக்கொண்டு பார்க்க முடியவில்லை. ஐந்தாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன் இப்படி அடம் பிடிக்கீக, ஒரு நாளும் இப்படி இருந்ததில்லையே” என்றேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் பேச்சில் பாதி எனக்கே புரியாது. அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துத் தெளிவாகச் சொன்னார். “செத்தவனுக்கு எதுக்குடி சவரம்.”

நான் போனை எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரோடு வரை நடந்து போய் ஆனந்தியைக் கூப்பிட்டேன். அவள் அழுதுகொண்டே ஒளித்து வைத்திருந்ததைச் சொன்னாள். ஜூன் மாதம் அவள் வீட்டுக்காரர் ரமேஷ்குமார் கோயம்புத்தூர் ஜவுளிக்கடையில் உன்னைப் பார்த்திருக்கிறார், ஒரு பெண்ணும் அவளைப் பெற்றவர்களும் உன்னோடு இருந்திருக்கிறார்கள், “மச்சான், வீட்ல நானே சொல்லிக்கிறேன், நீங்க வாயத் திறக்காதீங்க” என்றாயாம். கோயம்புத்தூரில் பஸ் ஏறினால் ஒரு பகலில் இங்கே வந்துவிடலாம். உனக்குப் பன்னிரண்டு நாள் லீவு என்று ஜோமோன் சொன்னான். அந்தப் பெண் வீட்டிலும் அப்பா இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறாயா. லயத்து வீடு உனக்குக் கேவலம் என்றால் கேவலம் என்று சொல்லியிருக்கலாம். கோணின வாயைக் காட்ட வெட்கம் என்றால் அதையும் சொல்லியிருக்கலாம், அவர்கள் வருகிற அன்றைக்கு அவரை உள்ளே படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு நானே வாசலில் நின்று வரவேற்றிருப்பேன். அந்த அளவுக்கு நான் இறங்கியிருப்பேன். நீ அதற்கும் இடம் வைக்கவில்லை.

இன்று மதியம் இந்தக் கடிதத்தை வாங்க ஜோமோன் வந்தான், எழுதி முடிக்காததால் நாளை வரச் சொல்லியிருக்கிறேன். அவன் குரல் கேட்டதும் அப்பா எழுந்து உட்கார இடது கையை ஊன்றினார். கண்ணாடி கொண்டா, வெந்நீர் கொண்டா, அந்தப் பெட்டியைக் கொண்டா என்று கையைக் காட்டினார். நான் துண்டு போட்டு நுரை தடவினேன், ரேசரை என்னிடம் தரவில்லை, இடது கையில் அவரே பிடித்துக்கொண்டார். உள்ளதைச் சொல்கிறேன், நீ அனுப்பியதுதான் நல்ல ரேசர். அந்தப் பருத்த பிடி நடுங்குகிற கைக்குள் நழுவாமல் உட்கார்ந்தது, அதன் கனமே அதை இழுத்துக்கொண்டு போனது, ஐந்து பிளேடும் கன்னத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கின. ஆனால் ஆறு நாள் தாடிக்கு அது ஆகாது, நெருக்கமான பிளேடுகளுக்கு நடுவில் முடி சிக்கிக்கொண்டு இரண்டு இழுப்புக்கு ஒருமுறை நின்றது. நான் வாங்கி வெந்நீரில் அலசி அலசிக் கொடுத்தேன். கன்னத்தை இழுத்துப் பிடிக்க அவருக்கு இன்னொரு கை இல்லை, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துத் தோலை இறுக்கிக்கொண்டார். ஒருதடவை நான் கை நீட்டினேன், தள்ளிவிட்டார். ஜோமோன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். முக்கால் மணி நேரம் ஆனது. மூக்குக்குக் கீழே கொஞ்சமும் காதோரம் கொஞ்சமும் விட்டுப்போனது, ஒரு கீறல் விழவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு ஜோமோனைப் பார்த்து, “பாத்தீல்லா, அங்க போய்ச் சொல்லு” என்றார். அவன் தலையை ஆட்டினான். அங்கே வந்து அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. சொல் என்றும் நான் சொல்லவில்லை, மறை என்றும் சொல்லவில்லை.

பெட்டியில் நாலு தலை இருக்கிறது, ஒன்று பதினைந்து நாள் வரும் என்று ஜோமோன் சொல்கிறான். குமுளி வரை கேட்டுப் பார்த்தாயிற்று, அந்த மாதிரித் தலை இங்கே எந்தக் கடையிலும் இல்லை. இரண்டு மாதத்துக்கு மேல் இவருக்குத் தேவைப்படாது என்று நினைத்துத்தான் நாலு வாங்கினாயா என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டுவிட்டேன். இனி வாங்கி அனுப்ப வேண்டாம், தீர்ந்தால் என் மூன்று பிளேடு இருக்கிறது, இங்கே கிடைக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, உனக்கு வயிற்றெரிச்சல் உண்டு, கடைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். அந்தப் பெண் நல்ல பெண்ணாக இருந்தால் அவளிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுக் கட்டிக்கொள், இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் பிள்ளைகுட்டியோடு நீண்ட காலம் இருங்கள், உனக்கு வேறு மாதிரி எழுத எனக்கு வரவில்லை. ஒன்று மட்டும் மறக்காதே. உன் ஆபீசில் போய், அப்பா இருக்கிறார் என்று நீயே சொல்லிவிடு. ஒருநாள் இங்கிருந்து உனக்குப் போன் வரும். அன்றைக்கு எந்த அப்பாவைச் சொல்லி லீவு கேட்பாய்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
செல்வலட்சுமி

சோலை

மேலே கோணலாக இருக்கிற கையெழுத்து அப்பா இடது கையால் போட்டது. நான் போடச் சொல்லவில்லை.