முதலிடத்துக்கு வந்த உன் குரல்

தோழி,

இன்று காலை முதியோர் இல்லத்துச் சமையலறையில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தேன். வானொலியில் பழைய பாட்டுகள். தாளம் தொடங்குமுன் ஒரு பெண்குரல், சொல்லே இல்லாமல், தாழ்வாக ஓர் இராகம் இழுத்தது. நீ. வாஃபிள் கருகிப் புகைந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஓடிவந்து சன்னலைத் திறந்துவிட்டு, "நான் பிறந்த காலத்துப் பாட்டு இது" என்று சிரித்தாள். அவளுக்கு உன்னைத் தெரியாது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நீயும் நானும் ஒஸ்லோவின் கிழக்கே இதே இல்லத்தில் உதவியாளர்கள். குளிக்க வைத்தால் பயந்து கத்தும் ஒரு பாட்டியார் இருந்தார். மறதி நோய். யார் என்ன மொழியில் சொன்னாலும் அவருக்கு ஏறாது. நீ வெந்நீரை அவர் காலில் மெல்ல ஊற்றியபடி வாய்க்குள் இராகம் இழுப்பாய். அவர் அடங்கிக் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் அவருடைய பேரன் கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டுவிட்டான். நகரில் ஒரு நிலவறையில் இசைக்கூடம் வைத்திருந்த பையன். ஒலிப்பதிவு செய்யப் பாடித் தருவீர்களா என்று உன்னைக் கேட்டான். பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து கூட்டிவரப் பிந்தாமல் இருந்தால் சரி என்றாய். துணைக்கு நானும் வந்தேன். குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல், சப்பாத்தை மட்டும் வாசலில் விட்டுவிட்டுப் போய் நின்று பாடினாய். இசைத்தட்டு உறையில் என்ன பெயர் போடுவது என்று அவன் கேட்டபோதுதான் முகம் மாறியது. பெயர் வேண்டாம் என்றாய். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாய்:

"எங்கடை சனம் கதைக்குமடி. கோயிலிலை பாடுறவள் டிஸ்கோவிலை பாடுறாள் எண்டுவினம். நீயும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அது ஒரு துள்ளல் பாட்டு. பாடியது ஒரு நோர்வேஜியச் சிறு பெண். உன் இராகம் தொடக்கத்திலும் நடுவிலும் வந்தது. இலையுதிர் காலத்தில் வெளியானது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு தரவரிசையில் கடைசிப் பக்கம் எங்கோ ஏறி, கிழமைக்குக் கிழமை மேலே வந்தது. சம்பளம் வந்த சனிக்கிழமை நாமிருவரும் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போனோம். இசைத்தட்டுக் கடைச் சுவரில் அந்த வாரப் பட்டியல். முதலிடத்தில் அந்தப் பாட்டு. நீ அதன் கீழே நின்று கையுறைகளைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாய். பிறகு சுவீடன், டென்மார்க், ஜெர்மனி என்று அது போய்க்கொண்டே இருந்தது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் இடைவேளையில் உன் இராகத்தை இழுத்துத் திரிந்தார்கள். நீ அப்பக்கம் பார்க்காமல் நடந்தாய்.

தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்ததும் பேரன் உன்னைத் தேடி இல்லத்துக்கே வந்தான். நான் வரவில்லை, பதிந்த குரலையே நாடாவில் போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டாய். அன்று மாலை உன் கணவர் தன் டாக்சியில் நம்மை ஏற்றிக்கொண்டார். வானொலியில் அதே பாட்டு. நீ அணைக்கக் கை நீட்டினாய். அவர் தடுத்தார்.

"விடும். நாள் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டுதான் ஓடுறன். உம்மடை குரல் எனக்குத் தெரியாதே? நீரா சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

நீ அழத் தொடங்கினாய். "சனம் என்ன சொல்லும்?"

"இந்தக் காருக்குள்ளை ஏறுற சனம் சத்தத்தைக் கூட்டச் சொல்லித்தான் கேக்குது. போய்ப் பாடிப்போட்டு வாரும். பிள்ளையை நான் பாப்பன்."

போனாய். பளபளக்கும் சேலை தருகிறோம் என்றார்கள். இல்லத்தில் வேலைக்குப் போடும் உன் நீலச் சட்டையோடே மேடைக்கு ஏறினாய். தொகுப்பாளர், அந்தத் தொடக்கக் குரலை எந்தப் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். அந்தச் சிறு பெண் உன் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "அது நான்தான்" என்றாய். நோர்வேஜிய மொழியில், சற்றே தடக்கி. பிறகு பாடினாய். மேடைக்குப் பக்கத்தில் உன் குளிர்ச்சட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

கோயிலில் ஒருத்தி முகம் திருப்பினாள். இன்னொருத்தி தன் மகளுக்குச் சங்கீதம் சொல்லித்தரக் கேட்டாள். மறுநாள் காலை நீ வழமைபோல வேலைக்கு வந்தாய். பாட்டியார் உன்னைத் தொலைக்காட்சியில் பார்த்தும் அடையாளம் காணவில்லையாம். ஆனால் நீ வரும்வரை குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு இருந்தார். சில வாரங்களில் வேறொரு பாட்டு முதலிடத்துக்கு வந்தது. "அப்பாடா, இனி நிம்மதியாக் கடைக்குப் போகலாம்" என்றாய்.

பல வருடங்கள் கழித்து நோய் உன் குரலைத் தேய்த்துவிட்டிருந்த ஒரு மாலை, உன் கட்டிலருகே இருந்து கேட்டேன்: "அண்டைக்கு உனக்குப் பயமா இருக்கேல்லையோ?"

"பாடப் பயமில்லையடி. நான்தான் எண்டு சொல்லத்தான் பயம். சொன்னாப் பிறகு பாத்தால், ஒண்டுமே நடக்கேல்லை."

போன மாதம் இங்கே ஒரு முதியவர் இறந்தார். கடைசி மணித்தியாலங்களில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன். ஸ்தவாங்கரிலிருந்து மகன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பாவோடு யார் இருந்தது என்று நடைவழியில் நின்று கேட்டார். எல்லாரும்தான் பார்த்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் என் வழக்கம். அன்று நின்றேன்.

"நான்தான் இருந்தேன்" என்றேன்.

அவர் பக்கத்துக் கதிரையை எனக்காக இழுத்துப் போட்டார். அவருடைய அப்பா கடைசியாகக் கேட்டதையும் சொன்னதையும், எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், ஒன்றும் விடாமல் சொன்னேன்.