கூரைத் தண்ணீர் விழும் இடம்

2011 செப்டம்பர் 6, செவ்வாய்

தேவாலயத்தின் வடக்குச் சுவர் இந்த வருடமும் ஊறிவிட்டது. ஆட்டுக் கம்பளி விற்ற காசில் எழுப்பியது, ஐந்நூறு வருடம் நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் என்று என் பெயர் இருக்கும் காலத்தில் அது விழ வேண்டாம். நாளை வடிகால் தோண்ட ஆள் வருகிறார்கள்.

செப்டம்பர் 8

வேலை நின்றுவிட்டது. சுவரோரம் எலும்புகள். கோழி எலும்பு என்று நினைத்தார்களாம். இல்லை.

செப்டம்பர் 12

தொல்லியல் துறையிலிருந்து ஹேசல் என்ற பெண் வந்து, மண்ணில் மண்டியிட்டுத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் பிறக்கும்போதே போன குழந்தைங்க. ஞானஸ்நானம் ஆகலைன்னா அப்போ முறையா அடக்கம் பண்ண விடமாட்டாங்க. அதான் பெத்தவங்களே யாருக்கும் தெரியாம கொண்டாந்து இங்க வச்சிருக்காங்க. கோயில் கூரையில பட்டு விழற மழை ஞானஸ்நானம் பண்ணிடும்னு ஒரு நம்பிக்கை."

போதகர் ரூத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். நான் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் சாப்பிடும்போது கணவர் கிளெமென்ட்டிடம் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 13

அவர் இருட்டும்வரை தோட்டத்தில் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 15

"நம்ம பையன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும், ஐவி."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

1961. செத்துப் பிறந்தவனைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. மறந்துடு, அடுத்தது பிறக்கும் என்றாள் நர்ஸ். அடுத்தது பிறக்கவில்லை. ஆஸ்பத்திரிக் குப்பையோடு எரித்திருப்பார்கள் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

இவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாராம். நகரத்துக் கல்லறைக்கு, பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு டாக்டர். நீ அப்போ சோறு தண்ணியில்லாம கிடந்த. அப்புறம்... எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

"பேர்கூட வைக்கலயே அவனுக்கு."

"குழி வெட்டினவரு கேட்டாரு. ஹ்யூன்னு சொன்னேன். உங்கப்பா பேரு."

ஐம்பது வருஷமா எம்புள்ளைக்கு ஒரு பேர் இருந்திருக்கு. எனக்குத் தெரியல — எப்படி இந்த மனுஷனால தெனமும் எனக்கு எதிர உக்காந்து டீ குடிக்க முடிஞ்சது? எப்படி முடிஞ்சது?

செப்டம்பர் 16

மாடி அறையில் படுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 24

அவரோடு பஸ்ஸில் போனேன். கல் இல்லை, சிலுவை இல்லை. வேலியோரம் வெறும் புல். ஊன்றுகோலால் காட்டினார். அன்றைக்குப் பிறகு இங்கே வரவே தைரியம் வரவில்லையாம். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

"கோவமா இருக்கியா?"

"இருக்கேன். கையக் குடுங்க, தரை வழுக்குது."

அக்டோபர் 19

குழந்தைகளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தோம். ஆய்வுக்குப் பெட்டியில் அனுப்பலாமா என்ற பேச்சு வந்தது. ரூத்தும் நானும் சம்மதிக்கவில்லை. ஹேசல் வற்புறுத்தவும் இல்லை. வடிகாலைச் சுவரிலிருந்து விலக்கித் தோண்டுகிறார்கள். கூரை விளிம்பில் மழைநீரைப் பிடித்து ஓட்டும் தகரப் பீலி வேண்டாம் என்று நான்தான் பேசினேன். மழை விழுந்தபடியே விழட்டும்.

நவம்பர் 2

இறந்தோர் நினைவு நாள். இந்த வருடம் இறந்தவர்களோடு பழைய பெயர்களையும் வாசிப்பார்கள். காலையில் ரூத்திடம் ஒரு சீட்டு கொடுத்தேன். அவர் அதைப் பட்டியலுக்குள் செருகிக்கொண்டார்.

ஆலயத்தில் பத்துப் பதினைந்து பேர், நல்ல குளிர். பேக்கரிக்காரரின் மனைவிக்கும் பழைய தபால்காரருக்கும் நடுவில் அவன் பெயர் வந்தது.

கிளெமென்ட்டுக்கு ஒரு காது கேட்காது. என் பக்கம் சாய்ந்தார்.

"சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."