உட்காரச் சொல்லும்வரை

ஊருணிப்பட்டி,
8-7-1962

அன்புள்ள அத்தானுக்கு,

தங்கம் எழுதுவது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன்; என் தொண்டைதான் சுகமில்லை. ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரு டீச்சர். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக்காட்டித் திரும்புவதற்குள் நாலாம் வகுப்பு ஓணான் பிடிக்கப் போய்விடுகிறது. உங்களுக்கென்ன, திருத்தங்கலில் அறை, வேளைக்கு மெஸ் சாப்பாடு, பேசாத கணக்குப் புத்தகங்கள். கொடுத்து வைத்தவர்.

உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல் நடத்தினேன். மறுநாள் பார்த்தால் பாதியைக் காணோம், வறுத்துத் தின்றுவிட்டார்கள். உங்கள் தீப்பெட்டிக் கம்பெனியில் உடைசலும் வளைசலுமாகக் கூட்டித் தள்ளுவார்களே, மருந்து முக்காத வெறும் குச்சி, அதில் ஒரு சாக்கு அனுப்புங்கள். அதையும் தின்றார்களானால் நான் வேலையை விட்டுவிட்டு உங்களோடு வந்துவிடுகிறேன்.

தங்கள்
பொன்னுத்தங்கம்


திருத்தங்கல்,
15-7-1962

என் தங்கத்துக்கு,

சேலை கேட்பாய், வளையல் கேட்பாய் என்று பார்த்தால் குப்பை கேட்கிறாய். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நீ என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் இதுதான். வெம்பக்கோட்டை பஸ்ஸில் ஒரு சாக்கு போட்டுவிட்டிருக்கிறேன். மேஸ்திரி பெத்தணன் சிரிக்கிறார், "கணக்கப்பிள்ளை வீட்டம்மாவுக்கு அடுப்பெரிக்க வெறகு இல்லையா?" என்று.

பிள்ளைகள் அதைத் தின்னட்டும் என்று சாமியைக் கும்பிடுகிறேன். தனியாக இருந்து அலுத்துப்போய்விட்டது. இங்கே குழாய் வைத்த வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். வாடகை நம் கைக்கு எட்டவில்லை.

சண்முகவேல்


ஊருணிப்பட்டி,
20-9-1962

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் குப்பை என் பள்ளிக்கூடத்துக்குத் தங்கமாகிவிட்டது. பத்துப் பத்தாக அடுக்கச் சொன்னேன். பத்துப் பத்து நூறு என்று நான் தொண்டை கிழியச் சொன்னபோது ஏறாதது, விரல் வழியாக ஏறிவிட்டது. இப்போது ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு குச்சியைத் தடவித் தடவி வரிசை பிசகாமல் வைக்க வேண்டும். வேகமாக முடிக்கிறவருக்கு அன்றைக்கு மணி அடிக்கும் வேலை. மணிக்காக உயிரை விடுகிறார்கள்.

இதில் ராணி செல்லத்தாய்தான். ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். சோலைச்சாமி என்கிற, மழையை நம்பிக் காடு உழுகிற சம்சாரியின் மகள். இந்த ஊரில் ஆறாம் வகுப்புக்கு ஒரு பெண்பிள்ளைகூடப் போனதில்லை. "டீச்சர், வெம்பக்கோட்டை பள்ளிக்கூடத்துல பெஞ்சு உண்டாமே, மெய்தானா?" என்று தினமும் கேட்கிறாள். ஏப்ரல் பரீட்சை எழுதட்டும், நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வருவேன்.

மழைதான் ஏமாற்றிவிட்டது. கம்பு முழங்கால் உயரத்திலேயே கருகி நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்காக மட்டும் வருகிற பிள்ளைகள் கூடிப்போனார்கள். ஒருநாள் லீவு போட்டு வந்து பாருங்களேன். உங்களைப் பார்த்தும் பல நாளாகிறது என்பதை நான் எழுத மாட்டேன்.

தங்கள்
பொன்னுத்தங்கம்


திருத்தங்கல்,
14-10-1962

என் தங்கத்துக்கு,

ஊருணிப்பட்டியிலிருந்து வந்ததிலிருந்து உன் பள்ளிக்கூடம் கண்ணிலேயே நிற்கிறது. நான் வாசலில் தலையை நீட்டியதும் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று "வணக்கம் சார்!" என்றார்களே, எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நான் உள்ளே வந்து சுவரில் சாய்ந்தும் ஒருத்தர்கூட உட்காரவில்லை. "நீங்க உக்காரச் சொல்லணும். சொல்றவரைக்கும் நிப்பாக. அப்படித்தான் பழக்கியிருக்கேன்" என்று நீ சிரித்தாய். என்னை மதித்து ஒரு சனம் எழுந்து நின்றது அன்றைக்குத்தான்.

அந்த விரல்கள்! எங்கள் கம்பெனியில் கட்டை அடுக்குகிற வேலை அதேதான். பள்ளம் வெட்டிய கட்டையில் குச்சி குச்சியாகப் பதித்து அடுக்க வேண்டும், பிறகு மருந்து முக்குவார்கள். புதுப்பிள்ளைகள் அதைப் பழக மாதக்கணக்காகும். உன் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார்கள். பெருமை தாங்காமல் முதலாளியிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வாரமே என்னை உங்கள் பக்கத்துக்கு ஏஜெண்டாகப் போட்டுவிட்டார்! சம்பளம் கூடுகிறது. குழாய் வைத்த வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். நீ மாற்றல் கேட்டு எழுது. எல்லாம் உன் கைராசி.

சண்முகவேல்


ஊருணிப்பட்டி,
12-11-1962

அத்தானுக்கு,

இன்று விடியுமுன் கம்பெனி வண்டி ஊருக்குள் வந்தது. நான் குடத்தோடு கிணற்றடியில் நின்றேன். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் ஏறினார்கள். ஏறும்போது என்னைப் பார்த்து "வணக்கம் டீச்சர்" என்றார்கள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். டிரைவர் சொல்கிறான், "உங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்த பேருதாம்மா எல்லாம்."

மூன்றாம் வகுப்பு முழுசாகப் போய்விட்டது. நாலில் ஒரே ஒரு நொண்டிப் பையன் இருக்கிறான். அவனால் வண்டியில் ஏற முடியாது. கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். விரல் வேகமான பிள்ளைகள்! அந்த வேகத்தைப் பழக்கியவள் நான்தானே? கணக்கு வரட்டும் என்று நான் வைத்த விளையாட்டு, உங்கள் முதலாளிக்குச் செலவில்லாமல் ஆள் பழக்கிக் கொடுத்திருக்கிறது. மணி அடிக்க வேண்டுமென்று எப்படிப் போட்டி போட்டார்கள்!

செல்லத்தாய் இன்றைக்கு வண்டியில் ஏறவில்லை, பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து ஏறச் சொல்லியிருக்கிறாராம் அவள் அப்பா. உங்கள் காலில் விழுகிறேன் அத்தான். ஏப்ரல் வரைக்கும் அந்த ஒரு பிள்ளையை விட்டுவிடச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று. வேறு எதையும் உங்களிடம் கேட்க மாட்டேன்.

பொன்னுத்தங்கம்


திருத்தங்கல்,
18-11-1962

தங்கத்துக்கு,

நீ என்னவோ நான் பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி எழுதியிருக்கிறாய். மழை பெய்யாதது என் குற்றமா? உன் பள்ளிக்கூடத்துக் கோதுமை உப்புமா மத்தியானத்துக்கு ஆகும். ராத்திரிக்கு? ஞாயிற்றுக்கிழமைக்கு? நீ பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் நான் ஊருக்குள் வந்தபோது, தாய் தகப்பன்மாரே என் கையைப் பிடித்துக்கொண்டு "எம்பிள்ள பேரையும் எழுதிக்கோங்க" என்று அழுதார்கள். உன் மனசு நோகுமென்று அதைச் சொல்லவில்லை.

ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். சோலைச்சாமியிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன், செல்லத்தாய் பெயரை அடித்துவிட்டேன் என்று. அவள் பரீட்சை எழுதுவாள். இது சத்தியம். போதுமா? வீட்டுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. எப்போது வருகிறாய்?

சண்முகவேல்


ஊருணிப்பட்டி,
10-1-1963

சண்முகவேல் அவர்களுக்கு,

நீங்கள் சத்தியம் தவறவில்லை. செல்லத்தாயின் பெயரை அடித்தீர்கள். அந்த இடத்தில் அவள் தம்பி கருப்பணன் பெயரை எழுதிக்கொண்டீர்கள். இரண்டாம் வகுப்பு. இன்னும் மூக்கைத் துடைக்கத் தெரியாது. போன மாதம் முழுக்க அவன் காய்ச்சலென்று அக்காக்காரி சொன்னாள், நான் நம்பினேன். நேற்று ஊருக்குள் விசாரித்தபோது உண்மை தெரிந்தது.

இன்று விடியற்காலை வண்டியடிக்குப் போனேன். சோலைச்சாமி மகனைத் தோளில் தூங்கப்போட்டுக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை. "ரெண்டுல ஒண்ணு போயாகணும் டீச்சரம்மா. வீட்ல அடுப்பு எரியணும்லா? எது போகணும்னு நீங்களே சொல்லிருங்க, நான் கேட்டுக்கிடுதேன்" என்றார்.

நான் என்ன சொல்வேன்? எது என்று சொல்வேன்? தம்பியை ஏற்றிவிட வந்திருந்த செல்லத்தாய் பள்ளிக்கூடப் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "தம்பிய நீங்க வச்சுக்கோங்க டீச்சர். அவனுக்கு இன்னும் அம்பதுக்கு மேல எண்ணத் தெரியாது. பரீச்ச அன்னிக்கு மட்டும் சொல்லுங்க, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நீங்கள் கேட்டது சரிதான். ராத்திரிக்கு என்ன, ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன என்று நானும்தான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகளின் விரலில் வந்த பணத்தில் வெள்ளை அடித்த வீட்டில், குழாயைத் திறந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட என்னால் குடிக்க முடியாது. குச்சி மூட்டையை இதே பஸ்ஸில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் மறுபடி புளியங்கொட்டையில் எண்ணுகிறார்கள். தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

பொன்னுத்தங்கம்


திருத்தங்கல்,
26-4-1963

என் தங்கத்துக்கு,

நீ பதில் போடாமல் நான் எழுதுகிற எத்தனையாவது கடிதம் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கவரின் மேல் விலாசத்துக்காக என் பெயரை எழுதுவாய். உள்ளே 'அத்தான்' இருந்த இடத்தில் அதை எழுதினாயே, அதை இன்னமும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டை அடுக்குகிற கொட்டகைக்குள் நான் நுழைந்தால் ஊருணிப்பட்டிப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். "வணக்கம் சார்!" மற்ற ஊர்ப் பிள்ளைகள் குனிந்த தலை நிமிராது. பெத்தணன் கத்துகிறார், "ஏலே, இதென்ன பள்ளிக்கூடமா? உக்காருங்கலே!" அவர் சொல்லி உட்காருவதில்லை. கூலியைப் பிடித்தும் பார்த்தார். நான் சொன்னால்தான் உட்காருகிறார்கள். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பக்கம் போவதையே விட்டேன், பின்வழியாகச் சுற்றிப் போகிறேன்.

செல்லத்தாயை அனுப்பிவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "ஆளைக் கொண்டாந்த நீரே திருப்பிக் கூட்டிட்டுப் போனா, மத்த ஊர்க்காரன் என்னவே நெனப்பான்?" என்றார். சோலைச்சாமியிடம் போனேன். அவர் வெறும் பானையைக் கவிழ்த்துக் காட்டினார்.

நேற்று கொட்டகைக்குள் போக வேண்டி வந்தது. எல்லாரும் எழுந்தார்கள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார்கள். செல்லத்தாய் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், உன் வகுப்பில் தூக்குகிற மாதிரியே. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"சார், பரீச்ச என்னிக்கு சார்? டீச்சர்ட்ட கேட்டுச் சொல்லுதீகளா?"

பள்ளிக்கூடமெல்லாம் பரீட்சை முடிந்து லீவு விட்டாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். "கேட்டுச் சொல்லுதேம்மா" என்றேன். "சரி சார்" என்றாள். அப்புறமும் நின்றுகொண்டே இருந்தாள், நான் சொல்வதற்காக. உட்காரச் சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன் தங்கம்.

இன்று காலை பெத்தணன் வந்து சொன்னார், நேற்று வண்டி கிளம்புகிறவரைக்கும் அந்தப் பிள்ளை நின்றபடியேதான் கட்டை அடுக்கியதாம்.

வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்காக நீ எழுத வேண்டாம். அடுத்த வாரம் நான் மறுபடியும் அந்தக் கொட்டகைக்குள் போக வேண்டும். அவளிடம் என்ன சொல்ல? அதை மட்டுமாவது எழுது.

சண்முகவேல்