பக்கத்தில் வைத்த கம்ப்யூட்டர்

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் அத்தையும் சௌக்கியமா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே அட்டை வெட்டும் மெஷினை ஒரு கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். கை உள்ளே போனால், படம் கண்காணாத தேசத்துக் கம்ப்யூட்டருக்குப் போகும். கிளவுட் என்கிறார்கள். அது சொன்னால்தான் மெஷின் நிற்கும். போன வாரம் நெட் மந்தம், உத்தரவு வரத் தாமதமாகிவிட்டது. ஒருத்திக்கு விரலில் லேசான காயம், அவ்வளவுதான். ஆனால் சரக்கு தேங்கியதே, முதலாளிக்கு வயிறு எரிந்துவிட்டது. மறுநாளே மெஷின் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

"கணக்கு வழக்கெல்லாம் தூரத்துல இருக்கட்டும்மா. ஆபத்துன்னா பக்கத்துல இருக்கறதுதான் முடிவெடுக்கணும்" என்றார் சூப்பர்வைசர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தபோது, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டுமா?" என்று மெசேஜில் கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தீர்கள். வேலை நேரத்தில் போனைத் தொட விடமாட்டார்கள். நான் பார்த்தபோது பொழுதே சாய்ந்திருந்தது. இனி எதற்கும் என்னைக் கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

தலைவழியே மாட்டும் டாப் இரண்டு அனுப்புங்கள். பொத்தான், ஊக்கு, நாடா எதுவும் வேண்டாம். எழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதீர்கள், நான் சொல்லச் சொல்ல அறையில் இருக்கும் அக்கா எழுதுகிறார். அவருக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

கீழே கோணலாகக் கிறுக்கியிருக்கும் கையெழுத்து மட்டும் நான் போட்டது, இடது கையால்.