மூடி கழற்றாத முப்பத்தாறு படங்கள்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
24-6-1958

அன்பு மகன் சக்கரபாணிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பிரான்சில் மார்செய் பட்டணத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் சரியில்லை. உன் தங்கை கமலாவின் கல்யாணப் படம் எங்கே என்று இரண்டு கடிதம் போட்டுவிட்டாய், நான் என்னவென்று எழுதுவது, ஒரு படம்கூட விழவில்லை.

நீ அனுப்பிய கேமராவில் கண் வைக்கிற சன்னல் ஓரிடம், படம் பிடிக்கிற லென்ஸ் வேறிடம். சன்னலில் ஆள் இரண்டாகத் தெரிவதும், வளையத்தைத் திருப்பினால் ஒன்றாகச் சேர்வதும் பதினைந்து நாள் பழகி வைத்திருந்தேன். ஓமப்புகை படக்கூடாதென்று லென்ஸுக்கு மூடி போட்டவன் கழற்ற மறந்துவிட்டேன். மூடியிருந்தாலும் சன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறதே, இப்படியுமா ஒரு பொருளைச் செய்வான். முன்னால கருப்பா ஏதோ மூடியிருக்குதேன்னு உன் அம்மா அன்றைக்கே கேட்டாள், உனக்கென்ன தெரியும் என்று அதட்டினேன். ஸ்டுடியோ கன்னியப்பன் தானாக எடுக்க வந்தான், என் மகன் கேமரா இருக்கிறது என்று திருப்பி அனுப்பினேன். கடைசியில் அவன்தான் பிலிமைக் கழுவி, முப்பத்தாறும் வெறும் கண்ணாடியாட்டம் இருக்குதே மாமா என்றான்.

சம்பந்தி வீட்டில் பிலிம் கழுவுவதற்குப் பிரான்சுக்குப் போயிருக்கிறது என்று பொய் சொல்லி வைத்தேன். வெள்ளிக்கிழமை போய் உண்மையைச் சொன்னேன். சம்பந்தியம்மாள், பொண்ணையே குடுத்துட்டீங்க, படத்துக்கா அழப்போறோம் என்றார்கள். எனக்குத்தான் ஆறவில்லை. பார்க்காதவன் நீ ஒருவன், உனக்காகத்தானே எடுத்தது. மறுபடி கல்யாணப் புடவை கட்டி ஸ்டுடியோவுக்கு வா என்றால் கமலா மாட்டேன் என்கிறாள், அன்னைக்கு இருந்த மொகம் இன்னைக்கு வராதுப்பா என்கிறாள்.

அந்த முகத்தை நான் பார்த்தேன். உன் இடத்தில் சித்தப்பா மகன் பக்கிரி நின்று மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டான். அப்போது கமலா தலை நிமிர்ந்து கேமராவையே பார்த்தாள், அதற்குப் பின்னால் நீ நிற்பதுபோல. கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்தாள். சன்னலில் இரண்டு கமலாவும் ஒன்றாகச் சேர்ந்த நேரம் அழுத்தினேன். அதை உனக்கு எப்படி அனுப்புவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

மயிலம் முருகன் துணையிருப்பான், நீண்ட ஆயுளோடு இரு. மார்புச் சளிக்கு மருந்தை நிறுத்தாதே. இனி எந்தப் பொருளும் அனுப்பாதே, லீவு கேட்டு நீ வா.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
ராஜாங்கம்