ச-வா, த-வா?

நோட்டைத் திறந்தால் இன்னும் சிலிகான் பசை வாசனைதான் வருகிறது. பக்க ஓரங்களில் உன் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருக்கிறது. சோலார் பேனல் மாட்டப் போன மாடிகளையெல்லாம் நீ வரைந்து வைத்த சர்வே நோட்டு. நீ போனபிறகு இதை அலமாரியில் போட்டுப் பூட்டியிருந்தேன். இன்று காலை வேறு வழியில்லாமல் எடுத்தேன். எடுத்த நேரத்திலிருந்து திருவிழாவில் தொலைந்தவள் மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகுர்டி அடுக்குமாடிச் சொசைட்டியின் மொட்டை மாடி இருக்கும் பக்கம்தான் வில்லங்கம். மேற்கு மூலையில் ஒரு வட்டம் போட்டு உள்ளே 'மரம்' என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரம். பக்கத்தில் 'ரெண்டு மணிக்கு மேல் நிழல்'. அதற்குக் கீழே தமிழ் எழுத்தில் இரண்டு மராத்திச் சொல். முதல் சொல் ஜாட், மரம். அது தெளிவாக இருக்கிறது. அடுத்தது 'சோட்' என்பதா, 'தோட்' என்பதா என்றுதான் தெரியவில்லை. சோட் என்றால் விட்டுவிடு. தோட் என்றால் வெட்டு. உன் கையெழுத்தில் ச-வும் த-வும் இரட்டைப் பிள்ளைகள். பெற்றவளுக்குத்தான் அடையாளம் தெரியும்.

இன்று மாலை ஐந்து மணிக்குச் சொசைட்டிக் கூட்டம். மரத்தை வெட்ட மாநகராட்சியிடம் அனுமதி கேட்கலாமா என்று முடிவு செய்யப் போகிறார்கள். அனுமதி கேட்பதென்றால், மரம் நின்றால் பேனல் சரியாக வேலை செய்யாது என்று நம் கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நம் கம்பெனி என்பது இப்போது நான் ஒருத்திதான். அந்த மாடியை அளந்தவள் நீ. அன்று நான் தங்கை கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது உனக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். எட்டாம் நாள் நீ இல்லை. அந்த எட்டு நாளில் ஆகுர்டி மரத்தைப் பற்றிக் கேட்க எனக்கு எங்கே தோன்றியிருக்கும்?

உனக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான், அதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. கட்கியில் உன் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தார். வீட்டில் வேலூர்த் தமிழ், பள்ளிக்கூடத்தில் மராத்தி. தமிழில் கடைப் பலகைகூட உனக்குப் படிக்க வராது. கேம்ப் ஏரியாவில் ஒரு பங்களாவுக்கு சர்வே செய்யப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? 'முதலாளிக்கு வாயும் கையும் நீளம், இன்வர்ட்டரை எட்டாத உயரத்தில் வைக்கவும்' என்று மராத்தியில் எழுதிக்கொண்டிருந்தாய். அந்த முதலாளி உன் தோளுக்குப் பின்னால் நின்று நிதானமாகப் படித்து முடித்தார். அன்று இரண்டு பேரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

வெளியே வந்ததும் நீ சொன்னது: "உன் எழுத்த எனக்குக் கத்துக் குடு. இங்க ஒருத்தனும் படிக்க மாட்டான்."

தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டினேன். ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டாய். எழுத்து தமிழ், சொல் பாதி மராத்தி. ஸ எழுதச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்றாய். "இன்னாத்துக்கு இத்தினி வளைவு? ச-வே போதும்." அந்த ச-வின் வால் த-வின் வால் மாதிரி கீழே இழுத்துக்கொண்டு போவதை அப்போதே கவனித்தேன். "எனக்குப் புரிஞ்சாச் செரி" என்று விட்டுவிட்டேன். என் சோம்பேறித்தனம், வேறென்ன.

நீ எதை எழுதியிருப்பாய் என்று உன் குணத்தை வைத்தாவது கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். அதில் இன்னும் குழம்பினேன். அதே கேம்ப் பங்களாவில் ஒரு பாதாம் மரம் நின்றது. வெட்டினால்தான் ஆச்சு என்று ஒற்றைக் காலில் நின்றவள் நீ. வெயில்தான் நமக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி, நிழலுக்கு வக்காலத்து வாங்காதே என்று என்னிடம் சண்டை போட்டாய். மரம் போயிற்று, பேனல் வந்தது. அடுத்த கோடையில் மீட்டர் பார்க்கப் போனால் மேற்குப் பக்க அறைகள் இரண்டிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மரம் போனபிறகு உள்ளே உட்கார முடியவில்லை என்று அந்த வீட்டம்மா சொன்னார். நம் பேனல் தருகிற கரண்டை அந்த ஏசிகளே குடித்துக்கொண்டிருந்தன.

தெருமுனைக்கு வந்ததும் அரை கிளாஸ் கட்டிங் சாய் வாங்கினோம். நீ குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாய்.

"குடைய புடுங்கிக்கினு விசிறி விக்கிற மாரி கீது நம்ம பொழப்பு."

சரி, திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த மாதமே ஹடப்சரில் ஒரு பட்டறைக்காக இரண்டு வேப்பமரங்களை வெட்டச் சரி என்று தலையாட்டினாய். கேட்டதற்கு, டீசல் ஜெனரேட்டர் புகையைவிட இது மேல் என்றாய். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. நீ சொல்கிற எல்லாமே சொல்கிற நேரத்தில் நியாயமாகத்தான் இருக்கும். அதுதான் உன்னோடு தொல்லை.

மத்தியானம் உன் வீட்டுக்காரருக்குப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் நீ எந்தச் சொல்லை அதிகம் சொல்வாய் என்றாவது தெரியுமே. பால் பொங்கினாலும் சோட், சண்டை வந்தாலும் சோட் என்றுதான் நீ சொல்வாய் என்றார். எனக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார்.

"ஆனா, சமையல்கட்டு செவுத்த தோட், தோட்னு நாலு வருசம் என் உயிர எடுத்தவளும் அவதாங்க."

போனை வைத்துவிட்டு அழுதேன். அவரும் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். இதுவரை எழுதியதை மடித்து வைத்துவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்புகிறேன்.

போய் வந்துவிட்டேன்.

கூட்டத்தில் கெட்டவர் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை. அதுவே பெரிய கஷ்டம். செக்ரட்டரி வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நான்காவது மாடி. அவர் மனைவிக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கும், அந்த அம்மா கீழே பெஞ்சில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். அதனால் செக்ரட்டரிக்கு சோலாரும் பேட்டரியும் வேண்டும். தரைத்தளத்தில் சப்பாத்தி போட்டுச் சாப்பாட்டு டப்பா அனுப்புகிற ஒரு பெண் இருக்கிறாள். பகல் முழுக்க அடுப்படிதான். மரத்தின் நிழல் விழுவது அவள் ஜன்னலில். போன கோடையில் மரம் இருந்தும் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள். வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுகிறது, மரமும் போனால் நான் எங்கே போய் அடுப்பு மூட்ட என்று மராத்தியில் கேட்டாள்.

அப்போதுதான் செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். உங்கள் பார்ட்னர் மேடம் அன்றைக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நின்று பார்த்து எழுதினாரே, அவர் என்னதான் எழுதியிருக்கிறார், அதன்படியே செய்துவிடலாம் என்றார். இறந்தவள் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்படத் தயாராக இருந்தார்கள். நான் நோட்டை விரித்தேன். என்னைத் தவிர அதைப் படிக்க அங்கே ஒருவரும் கிடையாது. நீ ஆசைப்பட்ட மாதிரியே.

அந்த எழுத்தைப் பார்த்தேன். அது ச-வாகவும் இருந்தது, த-வாகவும் இருந்தது. அந்தப் பெண் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜாட் சோட்" என்றேன்.

விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை, அவர்கள் மொழிதானே. கிழக்குப் பாதியிலும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலும் பேனல் வைத்தால் லிஃப்டுக்குப் போதும், தண்ணீர் மோட்டாருக்குப் பற்றாது என்று சொன்னேன். செக்ரட்டரி லிஃப்ட் ஓடினால் சரி என்றார். மூன்றாம் மாடிக்காரர், அரைகுறை வேலைக்கு எதற்கு சோலார் என்று எழுந்து போய்விட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. கீழ்வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் பெயரைச் சொல்லி, மேடம் புண்ணியவதி என்றாள். எனக்கோ உன் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள் போல இருந்தது.

செய்தது சரியா என்று கேட்டால் சரி என்றுதான் தோன்றுகிறது. நீ சொல்லாததை நீ சொன்னதாகச் சொன்னேனா என்று கேட்டால் தெரியவில்லை. மரத்தை விடு என்று என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாமல் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டேனோ என்னவோ. உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நின்று நீ பார்த்த எதையோ நான் பார்க்கவில்லை. அது என்ன என்பது உன்னோடு போய்விட்டது.

திரும்பி வரும்போது ஆகுர்டி சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் உன் கையெழுத்தை நான் ஒரு நாளும் படித்ததே இல்லை. நான் வண்டி ஓட்டுவேன், நீ பின்சீட்டில் உட்கார்ந்து நோட்டை என் காதுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்துக்கொண்டே வருவாய். எனக்குப் புரிந்தால் சரி என்று அன்று விட்டேனே, எனக்குப் புரிந்தது உன் எழுத்தல்ல, உன் குரல். பச்சை விழுந்தது கூடத் தெரியாமல் நின்றேன், பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

நீ எழுதியது தோட் என்றால் என்னைத் திட்டு. வாய் வலிக்கத் திட்டு. காதுக்குப் பக்கத்தில் வந்து திட்டு.